நெலையில வெச்ச கையும் வெள்ளைக்கல்லும்

என் ஊட்டுச் சுவரு வெடிச்சதுக்கு என் கைதான் காரணம்னு பேசாத வாய் இந்த மலையில கிடையாது. பஸ்ஸுல பேசுனாங்க, கோயில் வாசல்ல பேசுனாங்க, பஜார்ல காய் பொறுக்குற எடத்துல பேசுனாங்க. என் காதுல விழட்டும்னே பேசுனாங்க. அப்ப நான் வாயைத் தொறக்கல, தொறந்தா அடங்காதுன்னு எனக்கே தெரியும். இப்ப வயசாயிருச்சு. இனிமே அடங்கி என்ன ஆகப்போவுது?

எங்க ஊட்டுக்காரரு கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுல லாரி டிரைவரு. நான் ஏற்காட்டுல ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு யூனிபாரம் தைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். எஸ்டேட்டு குடுத்த லைன் ஊட்டுல குடியிருந்தோம். கொழந்தை குட்டி இல்ல. ஒரு மழைக்காலத்துல சளி நெஞ்சுல எறங்கி அவரு போய்ச் சேந்துட்டாரு. அடக்கம் முடிஞ்ச கையோட எஸ்டேட்டுல கணக்கு எழுதுற ரைட்டர் வந்து நின்னாரு. "ஏனுங்க, இந்த லைன் ஊட்டுக்கு வேற டிரைவர் வர்றாருங்க, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க"ன்னாரு. நல்ல மனுசன்தான். குனிஞ்ச தலை நிமிராமத்தான் சொன்னாரு. ஆனா தலையைக் குனிஞ்சு சொன்னாலும் காலி பண்ணுன்னா காலி பண்ணுதான்.

எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் சேலத்துல இருந்தாரு. அவரை நான் மாமான்னு கூப்புடுவேன், அவரு சம்சாரத்தை அக்கான்னு கூப்புடுவேன். மாமா மலையேறி வந்து, "பொட்டியக் கட்டு கண்ணு, நம்மூட்டுக்கு வந்துரு. அக்காளுக்கும் முட்டி வலி, ஒத்தாசைக்கு ஆளில்லாம கஷ்டப்படுறா"ன்னாரு. ஒத்தாசைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? அடுப்புப் பத்த வெக்கிறதுலேர்ந்து பாத்திரம் கவுக்குற வரைக்கும் அந்த ஊட்டுல எல்லாமே ஒத்தாசைதான். தம்பி பொண்டாட்டிய நாங்கதான் சோறு போட்டு வெச்சிருக்கோம்னு நாலு பேருகிட்டச் சொல்லிக்கவும் வசதி.

வாழவந்தி போற ரோட்டோரம் எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன சரிவு நெலம் கெடந்துச்சு. முள்ளும் பொதருமா, ஆடு மேயுற எடம். "நான் அங்க ஊடு கட்டிக்கிறேன் மாமா"ன்னேன். அவரு சிரிச்சுட்டாரு.

"ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு கண்ணு ஊடு? அந்த எடத்தை வித்துட்டு வா. லாட்ஜு கட்ட எடம் கேட்டு ஆளுங்க அலையுறாங்க."

"ஒத்தப் பொம்பளைக்குத்தான் மாமா ஊடு வேணும்"னேன்.

அன்னிக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்த ஊடு நின்னுச்சுன்னா நான் என் ஊட்டுல இருப்பேன். நிக்கலைன்னா அவங்க அடுப்படியில நிப்பேன். வேற வழி எனக்கு வெக்கல. அதனால பஜாருக்குப் பின்னால ஒரு ரூம்பை வாடகைக்கு எடுத்துத் தையல் மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போயி உக்காந்தேன்.

சமவெளியில ஊடு கட்டுறதும் மலையில ஊடு கட்டுறதும் ஒன்னில்ல. கீழ, செங்கல்லு சூளையிலேர்ந்து வண்டியேறி நேரா வாசல்ல எறங்கும். இங்க அது கொண்டை ஊசி வளைவெல்லாம் குலுங்கிக்கிட்டு வரணும். வந்து எறங்குறப்பப் பாத்தா பாதி செங்கல்லு அரைச் செங்கல்லா இருக்கும், அடிவரிசை பொடியா இருக்கும். இந்த மலை மண்ணுலயே செங்கல்லு அறுத்துப் பாக்கலாம்னு முன்னால ஒருத்தரு முயற்சி பண்ணுனாரு. வருசத்துல பாதி நாள் மூடுபனி. சுடாத பச்சைக் கல்லு காயவே மாட்டேன்னுருச்சு. காயாததச் சூளையில வெச்சா வெடிக்கும், இல்லைன்னா உள்ள வேகாம நிக்கும். அவரு சூளை இருந்த எடத்துல இப்ப சவ்சவ் பந்தல்.

கருங்கல்லு மட்டும் இங்க வேணுங்கிற மட்டும் கெடக்குது. என் எடத்துலயே பாறை இருந்துச்சு. ஒடைக்கிறவங்க உளி வெச்சுப் பொளந்து குடுத்தாங்க. கருங்கல்லு தண்ணி குடிக்காது, எவ்வளவு பாரம் வெச்சாலும் மசியாது. அப்ப முழுச் சுவரையும் கல்லுலயே கட்டிரலாமேன்னு நான் கேட்டேன். வந்த கொத்தனாரு வேண்டாம்னுட்டாரு. "கல்லுச் சுவரு இந்தக் குளுருக்கு வேர்க்குமுங்க டீச்சரம்மா. உள்ள படுத்தீங்கன்னா பாயெல்லாம் ஈரமாயிரும். ஜன்னல் மட்டம் வரைக்கும் கல்லு, அதுக்கு மேல செங்கல்லு. செங்கல்லுதான் ஈரத்தை வாங்கி வெயில்ல விட்டுரும்"னாரு.

இந்தக் கொத்தனாரப் பத்திச் சொல்லணும். சங்ககிரிப் பக்கத்து ஆளு. தையல்காரியா இருந்தாலும் நான் பள்ளிக்கூடத்துக்குத் தைக்கிறதால அவருக்கு நான் டீச்சரம்மா. கை சுத்தமான கை, வாயி ஓயாத வாயி. குளுரப் பத்தி அவரு பொலம்பாத நாளே கிடையாது. "ஏனுங்க, இந்த ஊருல மனுசன் எப்புடிங்க குளிக்கிறான்?"னு கேப்பாரு. "நீங்க குளிச்சா எங்களுக்கும் சொல்லுங்க, வந்து பாக்குறோம்"னு சித்தாளுங்க கிண்டல் பண்ணுவாங்க.

அவரு செங்கல்லப் பாக்குறதே தனி. ரெண்டை எடுத்து ஒன்னோட ஒன்னு தட்டுவாரு. ணங்குன்னா வெச்சுக்குவாரு, தொப்புன்னா வீசிருவாரு. மணல்லயும் அப்புடித்தான். ஓடை மணல ஈரத்தோட கையில புடிச்சுக் கசக்கி ஒதறுவாரு. உள்ளங்கையில சேறு ஒட்டுச்சுன்னா, அலசிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிருவாரு. அத நானும் கத்துக்கிட்டேன். துணி வாங்குறப்ப நூலை இழுத்துப் பாக்குற எனக்கு, மணலக் கசக்கிப் பாக்குறது பெரிய வித்தையா என்ன?

சிமெண்டுதான் கஷ்டம். பர்மிட்டு வாங்கித்தான் சிமெண்டு வாங்கணும்னு இருந்த காலம் அது. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுக் காத்துக் கெடக்கணும். ஒருவழியா மூட்டை கைக்கு வந்தா, மலையேறுற ஈரத்துல உள்ளுக்குள்ளயே கட்டி தட்டிப் பாறையாக் கெடக்கும். எனக்குக் கெடைச்சது கொஞ்சூண்டு. அத நம்பி ஊடு கட்ட முடியாது. அதனால கல்லையும் செங்கல்லையும் செம்மண்ணுச் சேத்துல வெச்சுக் கட்டி, மேல சுண்ணாம்புக் காரை பூசுறதுன்னு முடிவாச்சு. மண்ணுல கட்டுன சுவருக்கு மேல் பூச்சுதான் குடை. பூச்சு நல்லா இருந்தா சுவரு நிக்கும், பூச்சு போச்சுன்னா மழை உள்ள எறங்கி மண்ணக் கரைச்சுரும்.

கொத்தனாரு வந்து சேர்றதுக்கு முன்னாலயே நான் பஜார்ல சுட்ட சுண்ணாம்புக்கல்லுக் கொஞ்சம் வாங்கி, வாடகை ரூம்புக்குப் பின்னால ஒரு டிரம்முல போட்டுத் தண்ணி ஊத்தி நீத்து வெச்சிருந்தேன். சுட்ட கல்லு தண்ணியக் குடிச்சு வெந்து மாவாகுறதைத்தான் நீக்குறதுன்னு சொல்லுவாங்க. தண்ணி பட்ட ஒடனே அது சீறும், கொதிக்கும், கல்லு பொளந்து பொலபொலன்னு உதிரும். டிரம்மத் தொட முடியாது, அவ்வளவு சூடு. பக்கத்து ரூம்புக்காரங்க, அடுப்பே இல்லாம என்ன கொதிக்குதுன்னு எட்டிப் பாத்தாங்க. அந்தச் சுண்ணாம்பு வாசப்பக்கத்துச் சுவருக்குத்தான் பத்தும். மிச்சத்துக்குக் கொத்தனாரு வந்து சொல்லுவாருன்னு விட்டுட்டேன்.

வாசச்சுவரு எழும்ப ஆரம்பிச்சதும் நெலை வெச்சோம். கதவு நெலைதான் ஊட்டுக்கு உயிருன்னு எங்காளுங்க நெனப்பு. நாங்க வேதக்காரங்கதான். ஃபாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பாரு. ஆனா நெலையத் தூக்கி நிறுத்துறப்ப மொதல்ல கை வெக்கிறது தாலியோட இருக்குற பொம்பளையா இருக்கணும். இது எந்த வேதத்துல எழுதியிருக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கேக்குறவளத்தான் மொறைப்பாங்க.

அன்னிக்கு மாமாவும் அக்காளும் சேலத்துலேர்ந்து வந்திருந்தாங்க. அக்கா தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டு நெலைகிட்டப் போயி நின்னாச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் ஒதுங்கி நிக்கணும், அதுதான் மொறை. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. இல்ல, நல்லாத் தெரியும், ஆத்திரம் வந்துச்சு. என் நெலம், என் தையல் மெஷின் ஓடி வந்த காசு, என் ஊடு. இதுல நான் ஒதுங்கி நிக்கணுமா? நேராப் போயி ரெண்டு கையையும் நெலை மேல வெச்சேன். "தூக்குங்க கொத்தனாரே"ன்னேன். அவரு ஒரு நிமிசம் மாமா மூஞ்சியப் பாத்தாரு, அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு, தூக்கிட்டாரு. ஃபாதர் எல்லார் மேலயும் தீர்த்தத்தத் தெளிச்சு விட்டாரு. அக்கா கையப் பெசைஞ்சுக்கிட்டு நின்னா. அவ மேல எனக்குக் கோவமில்ல, அவளை அங்க கொண்டாந்து நிறுத்துனவங்க மேலதான்.

கீழ் வளைவுல டீக்கடை வெச்சிருந்த அம்மாவும் அன்னிக்கு வந்திருந்தாங்க. சாயங்காலம் பஸ்ஸு வர்றதுக்குள்ள சேதி வாழவந்தி போய்ச் சேந்துருச்சு. டீயோட சேத்து அதையும் வித்திருப்பாங்க போல.

வாசச்சுவருக்கு என் டிரம்மு சுண்ணாம்பு போட்டுப் பூசி முடிச்சாங்க. மிச்சச் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு வேணும். கொத்தனாரு அடிவாரத்துலேர்ந்து வர்ற லாரிக்காரரக் கூப்புட்டு, "நல்ல வெள்ளைக்கல்லு சுட்டதாப் பாத்துக் கொண்டாங்க"ன்னு சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். லாரிக்காரரு தலைய ஆட்டிட்டுப் போனாரு. சொன்ன மாதிரியே கொண்டாந்தாரு. வெள்ளை வெளேர்னு கட்டி கட்டியா, பாக்கவே கண்ணு கூசுச்சு.

குழி வெட்டி அதுல போட்டுத் தண்ணி ஊத்துனாங்க. ஒன்னும் ஆகல. சீறல, கொதிக்கல, கல்லு பாட்டுக்குத் தண்ணிக்குள்ள எருமை கணக்காக் கெடந்துச்சு. கொத்தனாரு குழிக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டு ஒதறுனாரு. "இந்தத் தண்ணி பனிக்கட்டியா இருக்குதுங்க. குளுருக்கு எப்புடிங்க நீக்கும்? மெதுவாத்தான் நீக்கும். கெடக்கட்டும் விடுங்க"ன்னாரு. குளுரு மேல எல்லாப் பழியையும் போட்டுப் பழகுன மனுசன், இதையும் போட்டுட்டாரு. சித்தாளுங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கொஞ்ச நாள் ஊற வெச்சு, அப்புறம் கட்டிய இடிச்சுப் பொடியாக்கி, மணலோட சேத்து, இருந்த சிமெண்டுல கொஞ்சம் கலந்து பூசிட்டாங்க. காஞ்சதும் ஊடு பளபளன்னு இருந்துச்சு. நான் குடி வந்துட்டேன். மொத மழைக்காலம் ஒழுக்கில்லாமத்தான் போச்சு.

ரெண்டாவது மழைக்காலத்துல ஆரம்பிச்சுது. பக்கத்துச் சுவத்துல தோலு மேல கொப்புளம் வர்ற மாதிரி பூச்சு எழும்புச்சு. தட்டுனா உள்ள பொள்ளுன்னு சத்தம். அப்புறம் கோடு விட்டுச்சு, கோட்டுலேர்ந்து கெளை விட்டுச்சு. நான் மெஷின் மிதிச்சுக்கிட்டு இருக்குறப்பவே பலகையாட்டம் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்துச்சு. மேல வெள்ளையும் அடியில செம்மண்ணுமா சுவரு புண்ணாட்டம் நின்னுச்சு.

அப்பத்தான் ஊரு வாயத் தொறந்துச்சு. டீக்கடையம்மா நேராவே கேட்டாங்க. "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நெலையில நீங்க கை வெச்சிருக்கக் கூடாதுங்க. அதான் ஊடு தாங்கல"ன்னாங்க. நான் டீயக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன். அழுகை வந்துச்சு. அது துக்கத்துல வந்த அழுகை இல்ல. இவ்வளவு பாடுபட்டு நிறுத்துன ஊட்டை என் கையைக் காட்டி சாய்க்கப் பாக்குறாங்களேங்கிற கடுப்பு.

மாமா வந்தாரு. சுவத்தச் சுத்திப் பாத்தாரு. மூஞ்சியில வருத்தம் இருந்துச்சு, அதுக்குள்ள ஒரு நிம்மதியும் இருந்துச்சு. "பாத்தியா கண்ணு, நான் அன்னிக்கே நெனச்சேன். இந்த மழையோட இது விழுந்துரும். விழுந்த ஊட்டுக்கு வெலை கிடையாது. எடம் கேட்ட ஆளு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. வர்ற ஞாயித்துக்கெழமை கூட்டியாறேன். அவரு இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிக்குவாரு, நீ பொட்டியக் கட்டிக்க"ன்னாரு. நான் பதில் சொல்லல. அவரு அதைச் சரின்னு எடுத்துக்கிட்டாரு.

அவரு போனப்புறம் வெளிய வந்து ஊட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். மூடுபனி அடிச்சுது. நாலு பக்கமும் சுத்தி வந்தேன். எடது சுவரு கொப்புளம், வலது சுவரு கொப்புளம், பின்சுவத்துப் பூச்சு பாதி தரையில கெடக்குது. வாசப்பக்கம் வந்து நின்னதும் எனக்குச் சட்டுன்னு ஒறைச்சுது. வாசச்சுவத்துல ஒரு கீறல் கூட இல்ல. தடவிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன். கெட்டியா இருந்துச்சு. மழை நேரா வந்து அடிக்கிறதே அந்தப் பக்கந்தான். அந்தச் சுவத்துலதான் நெலை நிக்குது. என் கை பட்ட சுவரு அதுதான்.

என் கை ஊட்டை வெடிக்க வெக்கும்னா மொதல்ல அதுதானே வெடிக்கணும்?

அங்கயே படியில உக்காந்துட்டேன். வாசச்சுவத்துக்கும் மத்த சுவத்துக்கும் என்ன வித்தியாசம்? அதே செங்கல்லு, அதே மணலு, அதே கொத்தனாரு. சுண்ணாம்பு மட்டும் வேற. அது என் டிரம்முல நீத்தது. கொதிச்சுக் கொதிச்சு, தொட முடியாம சுட்டது. அதே ஏற்காட்டுக் குளுருதான், அதே ஜில்லுத் தண்ணிதான். என் டிரம்மு கொதிச்சுதே, அவரு குழி ஏன் கொதிக்கல?

மறுநாள் காலையில மொத பஸ்ஸப் புடிச்சுப் பஜாருக்குப் போயி சுட்ட சுண்ணாம்புக்கல்லு வாங்கியாந்தேன். பூசுனது போக லாரிக் கல்லு கொஞ்சம் கொட்டகையில மிச்சம் கெடந்துச்சு. ரெண்டு பக்கெட்டு எடுத்து, ஒன்னுல பஜார்க் கல்லு, இன்னொன்னுல லாரிக் கல்லு போட்டு, ஒரே கொடத்துத் தண்ணிய ரெண்டுலயும் ஊத்துனேன். பஜார்க் கல்லு சீறுச்சு, ஆவி விட்டுச்சு, பொளந்துச்சு. லாரிக் கல்லு கம்முன்னு கெடந்துச்சு. அதுக்குள்ள கையை விட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு.

கொத்தனாரு அப்ப பஜார்ல ஒரு லாட்ஜுல வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. போயி இழுத்தாந்தேன். பக்கெட்டைப் பாத்ததும் அவரு வாய் மொதத் தடவையா அடங்குச்சு. "குளுரு ரெண்டு பக்கெட்டுக்கும் ஒன்னுதானுங்களே"ன்னேன். அந்த நேரம் பாத்து அதே லாரிக்காரரு ரோட்டுல மேல வந்துக்கிட்டு இருந்தாரு. குறுக்க நின்னு நிறுத்துனேன்.

"என்னங்க கொண்டாந்து போட்டீங்க?"ன்னு கேட்டாரு கொத்தனாரு.

"நீங்க கேட்டதுதானுங்க. வெள்ளைக்கல்லு சுட்டது."

"வெள்ளைக்கல்லா இது? இது நீக்கவே இல்லீங்களே."

லாரிக்காரரு அவரை ஏற எறங்கப் பாத்தாரு. "ஏனுங்க, வெள்ளைக்கல்லு எங்கயாச்சும் நீக்குமுங்களா? அது இரும்பு உருக்குற உலைக்குச் செங்கல்லு செய்யுற கல்லுங்க. சுண்ணாம்பு வேணும்னா சுண்ணாம்புன்னு கேட்டிருக்கணுமுங்க. வெள்ளைக்கல்லு கேட்டீங்க, வெள்ளைக்கல்லு குடுத்தேன்"னாரு.

கொத்தனாரு தலையில கைய வெச்சுக்கிட்டாரு. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்கே வெள்ளைக்கல்லுன்னுதான் அவங்க சொல்லுவாங்களாம். சேலத்துல வெள்ளைக்கல்லுன்னா அடிவாரத்துக் கரட்டுல வெட்டியெடுக்குற கல்லு, அது வேற ஜாதி. தீயில போட்டாலும் நெளியாது, தண்ணியில போட்டாலும் அப்பவே மசியாது. ஆனா சுவத்துல பூசி, ஈரத்துல வருசக்கணக்கா நின்னா மெள்ள மெள்ளத் தண்ணியக் குடிச்சு உப்பும். உப்புனா பூச்சைத் தள்ளும். லாரிக்காரரு அதையும் சொன்னாரு. அடிவாரத்துல யாரோ இதே மாதிரி பூசி, தொட்டி பொளந்து போனதாம். ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரே வார்த்தை, ரெண்டு கல்லு. அதுல மாட்டுனது என் ஊடு, பழி விழுந்தது என் கை மேல.

கொத்தனாரு மேல எனக்குக் கோவம் வந்துச்சுதான். அதுக்கு மேல சிரிப்பு வந்துச்சு. "குளுராமில்ல, குளுரு"ன்னேன். "விடுங்க டீச்சரம்மா, நானே சொரண்டிப் பூசித் தர்றேனுங்க"ன்னு மண்ணப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

ஞாயித்துக்கெழமை மாமா எடம் கேட்ட ஆளைக் கூட்டிக்கிட்டு ஜீப்புல வந்தாரு. கொத்தனாரு அதுக்குள்ள பக்கத்துச் சுவத்தச் சொரண்ட ஆரம்பிச்சிருந்தாரு. டீக்கடையம்மாவும் வேடிக்கை பாக்க வந்து நின்னாங்க. நான் மாமாவுக்கு ரெண்டு பக்கெட்டையும் காட்டுனேன், வெள்ளைக்கல்லுக் கதையும் சொன்னேன். எவ்வளவு வெளக்கமாச் சொல்ல முடியுமோ அவ்வளவு வெளக்கமாச் சொன்னேன்.

மாமா கேட்டுட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. கல்லு வந்து அமையறதும் ஒரு ராசிதான். உன் கை பட்ட ஊட்டுக்குத்தானே அந்தக் கல்லு வந்து சேந்துச்சு?"ன்னாரு.

இப்புடிப் பேசுற ஆளுகிட்ட எந்தப் பக்கெட்டைக் காட்டி என்ன பிரயோசனம்? எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. கொத்தனாரு பக்கத்துல கெடந்த சம்மட்டிய ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு வந்து மாமா கையில குடுத்தேன்.

"இடிக்கணும்னுதானே வந்திருக்கீங்க. இடிங்க. ஆனா என் கை பட்ட சுவத்துல ஆரம்பிங்க. அதுதான் பலம் இல்லாத சுவரு. நெலைக்குப் பக்கத்துல போடுங்க. அது விழுந்துச்சுன்னா இப்பவே இந்த ஜீப்புல ஏறி உங்க ஊட்டுக்கு வந்துர்றேன். சாகுற வரைக்கும் ஒத்தாசை செய்யுறேன்."

சொன்னப்புறந்தான் நெனச்சேன். மண்ணுல கட்டுன சுவருதானே. ஆனா வார்த்தை வந்தாச்சு.

மாமா சம்மட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. எல்லாரும் பாக்குறாங்க, கீழ வெக்க முடியல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, நெலைக்கு வலது பக்கமா ஓங்கி ஒன்னு போட்டாரு. நல்லாத்தான் போட்டாரு, ஏமாத்தல. சத்தம் பள்ளத்துல போயி எதிரொலிச்சுது. சம்மட்டி திரும்பி எகிறுச்சு, அவரு கை உதறிக்கிச்சு. சுவத்துல ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான். பூச்சு உதிரல, கோடு விடல, நெலை அசையல.

எடம் கேட்ட ஆளு கிட்ட வந்து அந்தப் பள்ளத்த வெரலால தடவிப் பாத்தாரு. "ஏனுங்க, இதைப் போயி விழுந்துரும்னீங்க?"ன்னு மாமாவக் கேட்டாரு. அப்புறம் என்னைப் பாத்து, "இருங்கம்மா, நல்லா இருங்க"ன்னுட்டுப் போயி ஜீப்புல உக்காந்துட்டாரு. மாமா சம்மட்டியத் தரையில வெச்சாரு. காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னேன். குடிக்கல. அதுக்கப்புறமும் நல்லது கெட்டதுக்கு வந்தாரு போனாரு, பொட்டியக் கட்டுன்னு மட்டும் சொல்லவே இல்ல.

கொத்தனாரு சொன்ன வாக்கைக் காப்பாத்துனாரு. மூணு சுவத்தையும் கல்லும் செங்கல்லும் தெரியச் சொரண்டி, என் டிரம்முல நான் நீத்த சுண்ணாம்பையே வாங்கிப் பூசுனாரு. அந்தப் பள்ளத்தையும் அடைச்சுரட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். இன்னிக்கும் அது அப்புடியேதான் இருக்குது. உள்ள வர்றவங்க கண்ணுல மொதல்ல படுற மாதிரிதான் இருக்குது.

நாலஞ்சு வருசம் கழிச்சு டீக்கடையம்மா கடைக்குப் பின்னால சொந்தமா ஊடு எழுப்புனாங்க. ஒருநாள் வெத்தலை பாக்கு பூவெல்லாம் தட்டுல வெச்சு எடுத்துக்கிட்டு என் வாசலுக்கு வந்தாங்க. அவங்களுக்குப் புருசன் இருக்காரு, தாலி இருக்குது, மருமக இருக்கா. வந்து அந்தப் பள்ளத்த ஒரு பார்வை பாத்துட்டு, "நாளைக்கு நெலை வெக்கிறோமுங்க. நீங்கதான் வந்து மொதல்ல கை வெக்கணும். உங்களுது நொம்ப ராசியான கையிங்க"ன்னாங்க.

எனக்கு மறுபடியும் சுர்ருன்னு ஏறுச்சு. அன்னிக்கு ஊட்டை வெடிக்க வெச்ச கை, இன்னிக்கு ராசியான கையா? அதே கை இது. தைக்கிற கை, சுண்ணாம்புல வெந்து தோலு உரிஞ்ச கை. இதுக்கு ராசியும் இல்ல, தோஷமும் இல்ல.

"ராசி கெடக்கட்டும். சுண்ணாம்பு எங்கேர்ந்து வாங்குனீங்க?"ன்னேன்.

"லாரிக்காரரு கொண்டாந்து போட்டாருங்க. நல்ல வெள்ளையா இருக்குது."

"தண்ணியில போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்களே."

தட்டை வாங்கி உள்ள வெச்சேன். மறுநாள் காலையில எங்கூட்டுப் பக்கெட்டை எடுத்துக்கிட்டு கீழ் வளைவுக்கு எறங்கிப் போனேன். நெலையச் சாத்தி வெச்சுக்கிட்டு எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு நின்னாங்க. நான் நெலைகிட்டப் போகல. சுண்ணாம்புக் குவியல்லேர்ந்து ஒரு கட்டிய எடுத்துப் பக்கெட்டுல போட்டுத் தண்ணிய ஊத்திட்டு, பக்கத்துல குத்த வெச்சு உக்காந்தேன். நல்ல நேரம் போகுதுங்கன்னு ஒருத்தரு சொன்னாரு. போகட்டும்னேன்.

தண்ணி சீறுச்சு. ஆவி வந்துச்சு. கல்லு பொளந்துச்சு.

அப்புறந்தான் எந்திரிச்சுப் போயி நெலையில கை வெச்சேன்.